400 பேர் வகுப்பில் கருவிகளுக்கு என்ன வேலை?

நீங்கள் கேட்டிருப்பது இது: கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் புதிதாக விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள். வரும் செப்டம்பரில் முதலாமாண்டு இயற்பியல் உங்கள் பொறுப்பு. ஒரே மண்டபத்தில் 400 மாணவர்கள். கிளிக்கர் (மாணவர்கள் பொத்தானை அழுத்தி விடை அனுப்பும் சிறு கருவி), இணைய வீட்டுப்பாடம், காணொளிப் பதிவு, கலந்துரையாடல் தளம், செயற்கை நுண்ணறிவுத் துணை என்று துறையில் ஒரு பட்டியலைக் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். எதை எடுப்பது, எதை விடுவது, இவற்றால் படிப்பு உண்மையிலேயே கூடுகிறதா என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில், "சேலத்தில் நான் படித்தபோது வகுப்பில் 60 பேர்தான், கரும்பலகையே போதுமாக இருந்தது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. 60 பேர் முன்னால் நின்ற உங்கள் ஆசிரியருக்கு, யாருக்குப் புரியவில்லை என்பது முகத்தைப் பார்த்தே ஓரளவு தெரிந்திருக்கும். 400 பேர் முன்னால் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? நீங்கள் கேட்க வந்தது இதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் இதே நாட்டில் இதே வேலையை 19 ஆண்டுகளாகச் செய்கிறேன். இலையுதிர்காலப் பருவத்தில் இயக்கவியல், குளிர்காலப் பருவத்தில் மின்னியல். என் வகுப்பில் பெரும்பாலோர் இயற்பியலைத் தேடி வந்தவர்கள் அல்லர். மருத்துவம், உயிரியல், மருந்தியல் என்று வேறு கனவுகளோடு வந்து, கட்டாயப் பாடம் என்பதால் என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். எனவே நான் சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட இயற்பியல் வகுப்பில் கற்றது. வேதியியலுக்கும் உயிரியலுக்கும் பெரும்பகுதி பொருந்தும் என்பதை அந்தத் துறை நண்பர்களிடம் பேசி அறிந்திருக்கிறேன், என் சொந்த அனுபவம் அங்கே கிடையாது.

சந்தேகமே இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். தெளிவாக விளக்கிவிட்டால் மாணவர்களுக்குப் புரிந்துவிடும் என்று நாம் எல்லோரும் நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறோம். அந்த நம்பிக்கை தவறு. ஹார்வர்டில் எரிக் மஸூர் 1984 முதல் முதலாமாண்டு இயற்பியல் நடத்திவந்தார். மாணவர்களிடம் அவருக்கு நல்ல பெயர். கடினமான கணக்குகளை அவர்கள் சரியாகப் போட்டார்கள். 1990-இல், ஹலூன், ஹெஸ்டனஸ் என்ற இருவரின் ஆய்வு அவர் கண்ணில் பட்டது. ஒரு பருவம் முழுவதும் இயற்பியல் படித்த பிறகும் விசை, இயக்கம் பற்றி மாணவர்களுக்கு இருந்த பழைய எண்ணங்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன என்றது அது. தன் மாணவர்கள் அப்படி இருக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு மஸூர் அதே சோதனையை அவர்களுக்கு வைத்தார். சூத்திரமே தேவைப்படாத, அன்றாடச் சொற்களில் அமைந்த கேள்விகள். ஒரு மாணவர் எழுந்து, "நீங்கள் சொல்லித்தந்தபடி விடை எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி மஸூர் பாடம் நடத்தும் முறையையே மாற்றிவிட்டது. விரிவுரையை அங்கங்கே நிறுத்தி, ஒரு கேள்வியைத் திரையில் போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் செய்யும் முறை அங்கிருந்துதான் பரவியது.

ஒரு பேராசிரியரின் கதையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். 1998-இல் ரிச்சர்ட் ஹேக் 62 பாடவகுப்புகளின், 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். பருவத் தொடக்கத்தில் ஒரு மாணவருக்குத் தெரியாதிருந்ததில் எத்தனை பங்கைப் பருவ முடிவில் தெரிந்துகொண்டார் என்பது அவருடைய அளவுகோல். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் அது சராசரியாக 0.23. மாணவர்கள் பேசி, விவாதித்து, உடனுக்குடன் திருத்தம் பெற்ற வகுப்புகளில் 0.48. ஆசிரியர்கள் தாங்களே முன்வந்து அனுப்பிய முடிவுகள் என்பதால், நன்றாக நடந்த வகுப்புகளே அதிகம் வந்திருக்கலாம் என்ற குறை இதில் உண்டு. அந்தக் குறையைப் பெருமளவு நீக்கியது 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு வெளியிட்ட தொகுப்பு. அறிவியல், பொறியியல், கணிதம் சார்ந்த 225 ஆய்வுகளை அது எடுத்துக்கொண்டது. விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடு, மாணவர்கள் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 விழுக்காடு. 400 பேர் வகுப்புக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தோல்வியிலிருந்து தப்புபவர்கள் ஏறத்தாழ 48 பிள்ளைகள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் பிறக்கும்போது நான் இந்த எண்ணை நினைத்துக்கொள்கிறேன்.

இந்த ஆய்வுகளில் மாணவர் என்ன செய்தார் என்பதே பேசப்படுகிறது, எந்தக் கருவி கையில் இருந்தது என்பது இரண்டாம் பட்சம். மான்ட்ரியால் பக்கம் ஒரு கல்லூரியில் நதானியேல் லாஸ்ரி இதை நேராகவே சோதித்து 2008-இல் எழுதினார். ஒரு பிரிவில் மாணவர்கள் கிளிக்கரை அழுத்தினார்கள். இன்னொரு பிரிவில் ஏ, பி, சி, டி என்று எழுதிய அட்டைகளைத் தூக்கிக் காட்டினார்கள். கேள்விகளும் விவாதமும் ஒன்றே. கற்றதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கிளிக்கர் அகப்பை. சட்டியில் இருக்க வேண்டியது நல்ல கேள்வி.

அப்படியானால் அட்டையே போதாதா என்று கேட்பீர்கள். 40 பேருக்குப் போதும். 400 பேர் தூக்கிப் பிடிக்கும் அட்டைகளை மேடையில் நின்று எண்ண முடியாது. கூச்சப்படும் பிள்ளை பக்கத்துக்காரரின் அட்டையைப் பார்த்த பிறகே தன்னுடையதைத் தூக்கும். கிளிக்கர் அந்தக் கூச்சத்தை நீக்குகிறது, அரை நிமிடத்தில் கணக்கைத் தருகிறது, எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்கிறது. பெரிய வகுப்பில் இந்த மூன்றும் பெரிய உதவிகள். உங்கள் பட்டியலில் ஒன்றை மட்டும் எடுப்பதாக இருந்தால் இதை எடுங்கள்.

எப்படி நடக்கிறது என்று ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஐந்தாம் வாரம். நியூட்டனின் மூன்றாம் விதி. பள்ளியிலேயே படித்துவிட்டுத்தான் வருகிறார்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்கள். திரையில் கேள்வி: ஒரு சரக்கு லாரியும் ஒரு சிறிய காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. லாரி காரின்மீது செலுத்தும் விசை பெரிதா, கார் லாரியின்மீது செலுத்தும் விசை பெரிதா, இரண்டும் சமமா? ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது, தனியாக யோசித்து அழுத்த வேண்டும். ஆண்டுதோறும் பெரும்பகுதி வாக்குகள் லாரிக்கே விழுகின்றன. வாக்குகளைக் கம்பங்களாகக் காட்டும் வரைபடம் என் மேசைத் திரையில் மட்டும் தெரியும், மண்டபத் திரைக்கு அது போகாது. வேறு விடை சொன்ன ஒருவரைத் தேடிப் பிடித்து அவரை ஒப்புக்கொள்ள வைக்கப் பாருங்கள் என்கிறேன். அடுத்த மூன்று நிமிடம் மண்டபத்தில் சந்தை இரைச்சல். நான் மைக்கை அணைத்துவிட்டுப் படியேறிப் போகிறேன். ஒருமுறை நடுவரிசையில் ஒரு மாணவி, "கார் அப்பளம்போல நொறுங்குகிறது, லாரிக்குக் கீறல்கூட இல்லை, பிறகு எப்படிச் சமம்?" என்று கிட்டத்தட்ட கோபமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த மாணவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "விசை சமம்தான், காரின் நிறை குறைவு, அதனால் அதன் முடுக்கம் அதிகம். நீ பார்ப்பது முடுக்கத்தை" என்றார். அந்த மாணவி சட்டென்று அமைதியானார். மீண்டும் வாக்கெடுத்தபோது கம்பங்கள் இடம் மாறியிருந்தன. நான் விளக்கும்போது என் சொற்களை விட்டுவிட்டு அந்த இருவருடைய சொற்களையே பயன்படுத்தினேன். விளைவைப் பார்த்துவிட்டு அதை விசை என்று எண்ணிக்கொள்வதுதான் இங்கே தடையாக நிற்கிறது என்பதை எந்த ஆசிரியர் கையேட்டையும்விட அந்த மாணவி எனக்கு நன்றாகக் காட்டினார்.

இதில் சில நுட்பங்கள் உண்டு. முதல் வாக்கெடுப்பின் முடிவைத் திரையில் காட்டாதீர்கள். காட்டினால் யோசனை நின்றுவிடும், எல்லோரும் உயரமான கம்பத்தின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். முதல் வாக்கெடுப்பில் ஏறக்குறைய 35 முதல் 70 விழுக்காடு சரியாக இருந்தால்தான் விவாதம் பலன் தரும் என்பது மஸூர் குழுவின் பத்தாண்டு அனுபவம், என் அனுபவமும் அதுவே. அதற்குக் கீழே என்றால் நீங்கள் இன்னொரு முறை விளக்க வேண்டும். அதற்கு மேலே என்றால் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகரலாம். தெரிந்தவர் தெரியாதவருக்கு விடையைச் சொல்லிவிடுகிறார், அவ்வளவுதானே என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஒரு மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். விவாதத்துக்குப் பிறகு, அதே கருத்தைத் தொடும் வேறொரு கேள்வியைத் தனியாகப் பதிலளிக்கச் சொன்னார்கள். சரியான விடை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத குழுக்களில் இருந்தவர்களும் முன்னேறியிருந்தார்கள். பேசும்போதே சிந்தனை தெளிகிறது.

மதிப்பெண் விஷயத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகள் சரியான விடைக்கு மட்டுமே கிளிக்கர் மதிப்பெண் கொடுத்தேன். விவாதம் செத்துவிட்டது. நன்றாகப் படிக்கும் மாணவர் என்ன அழுத்துகிறார் என்று பார்த்து அழுத்தினார்கள். ஒருநாள் பின்வரிசையில் ஒரு மாணவரின் மடியில் ஐந்து கிளிக்கர்கள் வரிசையாக இருந்தன, வராத நண்பர்களுக்காக. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நான் வகுத்த விதிக்கு ஏற்ப அவர் நடந்துகொண்டார். அடுத்த ஆண்டிலிருந்து பங்கேற்றாலே முழு மதிப்பெண், மொத்தத்தில் ஐந்து விழுக்காடு மட்டும், நான்கு வகுப்புகள் வராவிட்டாலும் குறையாது என்று மாற்றினேன். இரைச்சல் திரும்பி வந்தது.

தனிக் கிளிக்கரா, கைப்பேசிச் செயலியா என்றும் கேட்டிருந்தீர்கள். செயலி என்றால் தனிச்செலவு இல்லை, ஆனால் கைப்பேசி வெளியே வந்துவிட்டால் மற்றதெல்லாம் கூடவே வந்துவிடும். தரைத்தளத்துக்குக் கீழே உள்ள மண்டபங்களில் வைஃபை 400 இணைப்புகளைத் தாங்குமா என்பதை வகுப்பு தொடங்குமுன் சோதித்துவிடுங்கள். மடிக்கணினியைப் பொறுத்தவரை ஒரு கனடிய ஆய்வு என் மனத்தை மாற்றியது. வகுப்பில் வேறு வேலை பார்ப்பவர் குறைவாகக் கற்கிறார் என்பது எதிர்பார்த்ததுதான். அவருடைய திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் குறைவாகக் கற்றார்கள் என்று 2013-இல் அந்த ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்குப் பின்வரிசைகளை ஒதுக்கிவிட்டேன். உடற்குறை காரணமாகத் தேவைப்படுபவர்களுக்கு எங்கே வேண்டுமானாலும் அமர அனுமதி உண்டு.

காணொளி. இங்கே பாதிதான் உறுதி. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் பல லட்சக்கணக்கான பார்வைகளை ஆராய்ந்து 2014-இல், ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் காணொளிகளில் மாணவர்கள் நிலைப்பதில்லை என்றார்கள். எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையே அந்த ஆய்வு அளந்தது, எவ்வளவு கற்றார்கள் என்பதை அளக்கவில்லை. ஆறு நிமிட விதியை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். காணொளிக்கு நடுவே சிறு கேள்விகளை வைத்தால் கவனம் சிதறுவது குறைகிறது என்பதற்குச் சான்று வலுவானது. அதைவிட எனக்குப் பயன்பட்டது டெரெக் முல்லரின் முனைவர் பட்ட ஆய்வு. இன்று வெரிட்டேசியம் என்ற யூடியூப் அலைவரிசையை நடத்துபவர் அவர். சிட்னி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களுக்கு இரண்டு வகைக் காணொளிகளைக் காட்டினார். ஒன்று பிசிறில்லாத தெளிவான விளக்கம். மற்றொன்றில் ஒருவர் வழக்கமான தவறான கருத்தைச் சொல்ல, இன்னொருவர் அதை மறுத்துப் பேசித் திருத்துகிறார். முதலாவதைப் பார்த்தவர்கள் தெளிவாக இருந்தது என்று பாராட்டினார்கள், சோதனையில் அதிகம் முன்னேறவில்லை. இரண்டாவதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள், ஆனால் கற்றிருந்தார்கள். தெரிந்த விஷயம்தானே என்ற எண்ணம் வந்துவிட்டால் காது மூடிக்கொள்கிறது. ஆகவே காணொளி எடுப்பதென்றால் தவறான விடையிலிருந்து தொடங்குங்கள். முழு விரிவுரையைப் பதிவு செய்து ஏற்றுவது உடல்நலமில்லாதவர்களுக்கும் ஆங்கிலம் பழக்கமில்லாதவர்களுக்கும் உதவும். அதைச் செய்யுங்கள், பேச்சைத் திரையில் காட்டும் எழுத்து வரிகளையும் சேர்த்துவிடுங்கள். அதனால் தேர்ச்சி கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

வகுப்புக்கு முந்தைய இரவு இரண்டு மூன்று சிறு கேள்விகளை இணையத்தில் அனுப்பி, விடைகளைக் காலையில் படித்துவிட்டு அதற்கேற்ப வகுப்பை அமைப்பது இன்னொரு பழைய முறை. 1990-களில் கிரிகோர் நோவாக்கும் நண்பர்களும் உருவாக்கியது. கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்தப் பகுதியில் உங்களுக்குப் புரியாதது எது? 400 விடைகளையும் படிக்க முடியாது. நான் காலை ஏழு மணிக்கு 40 விடைகளைக் கண்மூடி எடுத்துப் படிப்பேன். அரை மணி நேரம். அதில் இரண்டைப் பெயரில்லாமல் திரையில் போட்டு வகுப்பைத் தொடங்குவேன். தங்கள் சொற்களைத் திரையில் பார்க்கும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நீங்களே காண்பீர்கள். பெரிய வகுப்பில் ஆசிரியர் தங்களைக் கேட்கிறார் என்ற நம்பிக்கை வருவதற்கு இதைவிடச் செலவு குறைந்த வழியை நான் கண்டதில்லை.

இணைய வீட்டுப்பாடம் தவிர்க்க முடியாதது. 400 விடைத்தாள்களை வாரந்தோறும் திருத்த ஆளில்லை. ஒவ்வொருவருக்கும் எண்களை மாற்றிக் கொடுத்து உடனே சரி, தவறு சொல்லும் ஏற்பாடு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1990-களிலேயே வந்துவிட்டது. ஆனால் எண் மாறினாலும் சூத்திரம் மாறுவதில்லை. எம்.ஐ.டி.யில் டேவிட் பிரிட்சர்டின் குழு, கணக்கைத் திறந்த நேரத்துக்கும் விடை அனுப்பிய நேரத்துக்கும் இடைவெளியைப் பார்த்தது. கேள்வியைப் படித்து முடிக்கக்கூட நேரம் இல்லாத விரைவில் சரியான விடைகள் வந்திருந்தன. அப்படி அதிகமாக நகலெடுத்தவர்கள் பருவம் செல்லச் செல்லத் தேர்வுகளில் பின்தங்கினார்கள் என்று 2010-இல் எழுதினார்கள். கெடு நெருங்க நெருங்க நகல் கூடியது என்பதும் அதில் உண்டு. வாரத்துக்கு ஒரு பெரிய கெடுவை விட்டுவிட்டு இரண்டு சிறிய கெடுக்களாக நான் பிரித்தது இதைப் படித்த பிறகுதான். வீட்டுப்பாடத்துக்கு பத்து விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் வைப்பதில்லை. கையால் எழுதும் ஒரு கணக்கை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறேன். விடைத்தாளைப் படமெடுத்து ஏற்ற, டி.ஏ.க்கள் (கற்பித்தலில் உதவும் மாணவ உதவியாளர்கள்) ஆளுக்கு ஒரு கேள்வியாக எடுத்துத் திரையில் திருத்துகிறார்கள். கிரேட்ஸ்கோப் போன்ற செயலிகள் இதற்குக் கைகொடுக்கும். ஒரே தவறுக்கு எல்லோருக்கும் ஒரே அளவு மதிப்பெண் குறைகிறது. எந்தத் தவறு எத்தனை பேரிடம் என்ற கணக்கும் கிடைக்கிறது. அடுத்த ஆண்டுக்கான கிளிக்கர் கேள்விகளை நான் அங்கிருந்துதான் எடுக்கிறேன்.

மின்னியல் பருவம் வந்தால் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்களை, அதாவது கணினித் திரையில் இயக்கிப் பார்க்கும் மாதிரிகளை, கட்டாயம் பயன்படுத்துங்கள். 2001-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் அடுத்த ஆண்டே தொடங்கியது அந்தத் திட்டம். எல்லாம் இலவசம். மின்சுற்று உருவகத்தில் கம்பிக்குள் மின்துகள்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். நிஜக் கம்பியில் அது தெரியாது. விளக்கு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்ற எண்ணம் என் மாணவர்களிடம் மிகப் பிடிவாதமானது. விளக்குக்கு முன்னும் பின்னும் துகள்கள் ஒரே வேகத்தில் போவதைப் பார்த்த பிறகுதான் அது அசைகிறது. கணினியில் சுற்று அமைத்துப் பழகியவர்கள், நிஜக் கம்பியும் விளக்கும் வைத்துப் பழகியவர்களைவிட, பின்னர் நிஜச் சுற்றை அமைப்பதிலேயே மேலாகச் செய்தார்கள் என்று 2005-இல் கொலராடோவில் கண்டார்கள். இதை வைத்து ஆய்வகங்களை மூடிவிடலாம் என்று சில நிர்வாகிகள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. அளவீட்டுப் பிழையும், தளர்ந்த இணைப்பும், தேய்ந்த மின்கலமும் என்ன செய்யும் என்பதை உருவகம் கற்றுத்தராது. ஒரு செய்தி: இவற்றில் பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. சென்றமுறை ஊருக்குப் போனபோது பத்தாம் வகுப்பில் இருந்த என் அண்ணன் மகளுக்குத் திறந்து காட்டினேன். பக்க இணைப்பில் மூன்றாவது விளக்கைச் சேர்த்துவிட்டு, "சித்தப்பா, மற்ற இரண்டும் மங்கவே இல்லையே" என்று அவள் வியந்தது நினைவிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுத் துணைதான் இப்போது எல்லோரும் கேட்பது, ஆனால் இங்கேதான் சான்று இன்னும் இளமையாக இருக்கிறது. ஹார்வர்டின் இயற்பியல் வகுப்பு ஒன்றில் 194 மாணவர்களிடம் நடந்த சோதனை 2025-இல் வெளியானது. கவனமாக வடிவமைத்த துணையோடு வீட்டில் கற்றவர்கள், நன்றாக நடத்தப்பட்ட வகுப்பில் கற்றவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றார்கள். ஒவ்வொரு படிக்கும் சரியான தீர்வை ஆசிரியர்களே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தார்கள், விடையைச் சட்டென்று சொல்லிவிடாதபடி கட்டுப்படுத்தியிருந்தார்கள், சோதித்தது இரண்டே பாடங்கள். அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வு துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் நடந்தது. கட்டுப்பாடில்லாத அரட்டைச் செயலி கையில் இருந்தபோது பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு மேலாகச் செய்தார்கள். செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு கீழே போனார்கள். குறிப்பு மட்டும் தரும்படி மாற்றியமைத்த செயலியைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், விடை கொடுக்கும் துணை கெடுக்கிறது, வழிகாட்டும் துணை உதவக்கூடும் என்ற அளவுக்குத்தான் இன்று சொல்லலாம். உங்கள் முதல் ஆண்டில் இதைக் கையில் எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. நல்ல துணையை அமைக்க மாணவர்கள் எங்கே தவறுவார்கள் என்று முதலில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஓராண்டு கிளிக்கர் பதிவுகள் வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் மனத்தைத் தயாராக்கிக்கொள்ளுங்கள். மாணவர்கள் எதிர்ப்பார்கள். எம்.ஐ.டி.யில் மின்காந்தவியல் பாடத்தை வட்ட மேசைகளும் கணினிகளும் உள்ள அறைக்கு மாற்றியபோது, 2003-இல் பழைய விரிவுரையே வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். அதே சமயம் அந்த மாற்றத்தால் தோல்விகள் குறைந்தன. காரணத்தை 2019-இல் ஹார்வர்டில் நடந்த ஒரு சோதனை தெளிவாக்கியது. ஈடுபட்டுக் கற்ற மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். நல்ல விரிவுரையைக் கேட்டவர்களுக்கு நேர்மாறு. மூளை சிரமப்படுவதை அவர்கள் புரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதை முதல் வாரத்திலேயே அவர்களிடம் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். நான் அந்த ஆய்வின் வரைபடத்தையே காட்டிவிடுகிறேன். முணுமுணுப்பு நிற்காது, குறையும். உங்கள் முதல் ஆண்டு மாணவர் மதிப்பீடு கொஞ்சம் இறங்கலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு அது கவலைதான். துறைத் தலைவரிடம் நீங்கள் செய்யப்போவதை ஆகஸ்டிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

செப்டம்பருக்கு என் யோசனை இது. ஐம்பது நிமிட வகுப்புக்கு மூன்று கிளிக்கர் கேள்விகள், முந்தைய இரவுக் கேள்விகள், சிறு கெடுக்களோடு இணைய வீட்டுப்பாடம், இயற்பியல் சந்தேகங்கள் எல்லாம் மின்னஞ்சலுக்கு வராமல் கலந்துரையாடல் தளத்துக்கே போகும்படி ஒரு விதி. மற்றதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் விசை பற்றிய கருத்துச் சோதனையை வையுங்கள். 30 கேள்விகள், அரை மணி நேரம், ஆசிரியர்களுக்கு ஃபிஸ்போர்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மதிப்பெண்ணுக்குச் சேர்க்காதீர்கள். ஹேக் சொன்ன அந்தப் பங்கை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். என் முதல் ஆண்டில் நான் நம்பியிருந்ததைவிட அது மிகவும் தாழ்வாக வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் பாடத்திட்டத்தில் முதல் வாரம் திசைவேக–நேர வரைபடம் என்றால் இங்கேயே பதிலில் எழுதுங்கள். நான் அந்த வாரத்துக்கு வைத்திருக்கும் நான்கு கேள்விகளையும், ஒவ்வொரு தவறான விடையையும் மாணவர்கள் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற குறிப்போடு அனுப்பிவைக்கிறேன்.